மூணு குளிர்

நல்ல சுஷிக் கடை எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், முதலில் கடையின் பின்வாசலைப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். முன்வாசலில் அழகான விளக்கு இருக்கும், மூங்கில் திரை இருக்கும், சிரித்துக்கொண்டே கதவைத் திறக்க ஒரு பெண் இருப்பாள். அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். பின்வாசலில் குளிர்பெட்டியிலிருந்து தண்ணீர் வடிகிற குழாய் ஒன்று வரும். அதன் வாயில் வழவழவென்று ஏதாவது படிந்திருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். சுத்தமாக இருந்தால் தைரியமாகப் போய் உட்காரலாம். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் கடைகளின் குளிர்பெட்டிகளைப் பழுது பார்க்கிறேன். குழாயைப் பார்த்து நான் சொன்ன கடை எதுவும் சோடை போனதில்லை.

நீங்கள் என்னைக் கூப்பிட்டது சுஷிக்கு வழி கேட்க இல்லை என்று தெரியும், ஐயா. தங்கச்சி மாப்பிள்ளையின் கடையில் அந்தக் குளிர்பெட்டியைச் செய்து வைத்தது நான். மாதாமாதம் பார்த்துக்கொண்டதும் நான். அங்கே சாப்பிட்ட மீனால் என் தங்கச்சிக்கு இப்படி ஆகிவிட்டது, அதற்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவசரமில்லை, ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்றும் சொன்னீர்கள். சுஷிதான் ஆரம்பம். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

சுஷிக் கடையில் சமையல்காரருக்கு முன்னால் நீளமாக ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்குமே, மீனை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்களே, அதுதான் என் பிழைப்பு. அது நின்றால் கடை நின்றுபோகும். வேலை முடிந்து நான் கை கழுவியதும், "சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே" என்று ஒரு தட்டு வைப்பார்கள். இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து வைப்பார்கள்; அடுத்த தடவை கூப்பிட்டதும் நான் வர வேண்டுமே. அப்படித்தான் இந்த ஊர் ஸ்பெஷல் ரோல்கள் எல்லாம் என் நாக்குக்குப் பழக்கமாயின. கடற்பாசித் தாளில் சோற்றையும் பச்சை மீனையும் வைத்துச் சுருட்டி எட்டுத் துண்டாக நறுக்க யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். ஸ்பெஷல் ரோல் என்பது சமையல்காரர் தன் தலையிலிருந்து எடுத்து வைப்பது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒருவர் தாமரைத் தண்டை மொறுமொறுவென்று பொரித்து உள்ளே வைப்பார். சலவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற அம்மாள் எலுமிச்சைத் தோலை உறைய வைத்து, பரிமாறுகிற நேரத்தில் மேலே துருவி விடுவார். துறைமுகச் சாலையில் இருக்கிற பெரிய கடையில் எழுபது வகை ரோல், எழுபதுக்கும் ஒரே சாஸ். சாஸைத் தாராளமாக ஊற்றுகிற இடத்தில் மீன் எதையோ மறைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதி வைத்திருந்தேன். அது கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் போய்விட்டது. ஒரு பல் டாக்டர் அதைத் தன் வரவேற்பறையில் ஒட்டியிருந்தார். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருகிறவன் இதைப் பார்த்து என்ன செய்வான் என்று கேட்டேன். ஆறினதும் போவான் என்றார்.

தங்கச்சிக்குப் பதினொரு வயதில் அம்மா போய்விட்டார். அப்பா அதற்கு முன்பே இல்லை. எனக்கு அப்போது இருபத்து மூன்று. அவளுக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலில் கஞ்சி வைத்தது எல்லாம் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னல் எப்போதும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கும், அவளும் ஒன்றும் சொல்லாமல் அப்படியே போவாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேளை வரவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையைக் கண்டுபிடித்ததும் நான்தான். ஒரு பெரிய ஓட்டலில் பெட்டி நின்றுபோய் நான் தரையில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சமையல்காரர்கள் ஆறு பேர். கடை மூடியதும் ஐந்து பேர் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒருவர் மட்டும் பெட்டிக் கதவின் ரப்பர் மடிப்பை விரலில் துணி சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மடிப்புக்குள் அழுக்கு இருப்பது சமையல்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. அந்த ஒரு காரியத்தைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் என்னைத் தள்ளி வைக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தார்கள். திங்கட்கிழமை மாப்பிள்ளைக்கு விடுமுறை. மூன்று பேரும் என் வேனில் ஏறி, பட்டியலில் இல்லாத கடைகளைத் தேடிக்கொண்டு போவோம். தங்கச்சி நடுவில் உட்கார்ந்து, காலை என் கருவிப் பெட்டிமேல் வைத்துக்கொள்வாள். ஒரு கடைக்கு ஒரு ரோல், அதுதான் கணக்கு. எட்டுத் துண்டில் ஆளுக்கு இரண்டு போனால் இரண்டு மிஞ்சும். உள்ளே என்னென்ன இருக்கிறது, எதில் ஊற வைத்திருக்கிறார்கள் என்று சரியாகச் சொல்கிறவருக்கு அந்த இரண்டும். மூன்று வருடத்தில் பெரும்பாலும் அவை எனக்குத்தான் வரும். "அண்ணனுக்கு நாக்குல தெர்மாமீட்டர் இருக்கு" என்று தங்கச்சி கடைக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். பிறகு நான் ஒரு துண்டை அவள் தட்டில் வைத்துவிடுவேன்.

அப்படி ஒரு திங்கட்கிழமை, புதிதாகத் திறந்த கடை ஒன்றில் சாப்பிட்டுவிட்டு வேனில் வரும்போதுதான் எனக்கு அது தோன்றியது. அந்த ரோலில் மீன் நல்ல மீன், சோறும் பதமான சோறு. ஆனால் எல்லாம் ஒரே குளிர். "வாய்க்கு வேலையே இல்லையே" என்றேன். பெட்டிக்குள் மேல்தட்டுக்கு ஒரு குளிர், கீழ்த்தட்டுக்கு ஒரு குளிர் என்று நான் நாள் முழுவதும் சரிபார்க்கிறேன். ரோலுக்குள் அதை ஏன் யாரும் செய்வதில்லை? சோறு கை வெப்பத்தில் இருக்கட்டும். மீன் மூன்று டிகிரியில் இருக்கட்டும். நடுவில் ஊறின முள்ளங்கிக் கீற்று ஒன்று, உறைவதற்கு ஒரு நூலிழை முன்னால். கடித்தால் முதலில் இதமாக இருக்கும், பிறகு குளிரும், கடைசியில் பல்லில் சுளீரென்று பிடிக்கும்.

"மச்சான், இது ரோலா, ரெப்ரிஜிரேட்டரா?" என்றார் மாப்பிள்ளை. ஆனால் அன்றைக்கே வீட்டுச் சமையலறையில் சோறு வடித்துவிட்டார். சரியாக வர நான்கு மாதம் ஆயிற்று. முள்ளங்கி உறைந்தால் கல்லாகிவிடும், உறையாவிட்டால் சொதசொதவென்று ஆகிவிடும். அதற்கென்றே நான் ஒரு குளிர்த்தட்டு செய்தேன், ஒரு டிகிரிகூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாது. கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் அது சரியாக வந்தது. மூன்று பேரும் சமையல் மேடையருகே நின்றுகொண்டே சாப்பிட்டோம். மூணு குளிர் என்று பெயர் வைத்தேன். "சோறு எங்கண்ணா குளிருது?" என்று தங்கச்சி கேட்டாள். "உடம்பு முப்பத்தேழுன்னா முப்பதும் குளிர்தான்" என்றேன்.

என் வாழ்க்கையில் நானாக உண்டாக்கியது அது ஒன்றுதான், ஐயா. மற்றதெல்லாம் அடுத்தவர் செய்ததைப் பழுது பார்த்தது.

அந்த ரோலை நம்பித்தான் மாப்பிள்ளை ஓட்டல் வேலையை விட்டுச் சொந்தக் கடை வைத்தார். எட்டு முக்காலி போட்ட சின்னக் கடை. பூக்கடை ஒன்றில் கழித்துப் போட்ட பெட்டியை நான் எடுத்து வந்து, மோட்டார், கண்ணாடி, ரப்பர் எல்லாவற்றையும் மாற்றி வைத்தேன். பெட்டி பழசு, உள்ளே ஒரு திருகுகூடப் பழசில்லை. ஆறே மாதத்தில் கடைக்கு வெளியே ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். நிற்கிறவர்கள் எல்லாரும் மூணு குளிர்தான் கேட்டார்கள்.

தங்கச்சி கர்ப்பமானாள். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து. பச்சை மீன் தொடக்கூடாது என்று அவளுக்கு முதலில் சொன்னது நான். அவளுக்கோ மத்தியானம் மூன்று மணிக்கு, கூட்டம் குறைந்ததும், ஒரு மூணு குளிர் சாப்பிடாவிட்டால் நாள் நகராது. அதனால் அவளுக்காகப் புகைபோட்ட மீனில் அதையே செய்து கொடுப்பது என்று ஏற்பாடு. பச்சை மீனோடு ஒட்டக்கூடாது என்று தனிக் கத்தி, தனிப் பலகை. மேடைக்கு அடியில் தனியாக ஒரு குளிர் டிராயர் நான் போட்டுக் கொடுத்தேன், அதற்குத் தனி மோட்டார், வெளியே டிகிரி காட்டுகிற சின்னத் திரை. தினமும் இரண்டு வேளை அந்த எண்ணைப் பார்த்துச் சுவரில் மாட்டிய தாளில் எழுது என்றேன். ஒரு வேளைகூடத் தவறாமல் எழுதினாள். அவள் அப்படித்தான், சொன்னால் செய்வாள்.

பிறகு அந்தப் பத்திரிகைக்காரர் வந்தார். ஊரில் வித்தியாசமான ஸ்பெஷல் ரோல் எங்கெங்கே கிடைக்கும் என்று தேடிப்போய் எழுதுகிறவர். என் பட்டியலை வைத்துக்கொண்டுதான் தேடினார் என்று பின்னால் தெரிந்தது. மாப்பிள்ளை கடைக்கு இரண்டு முழுப் பக்கம். படத்தில் தங்கச்சி மேடைக்குப் பின்னால் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். மூணு குளிர் அவளுக்கு ஒரு மழை நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியதாம். உங்கள் அண்ணன்தானே அந்தப் பட்டியல் எழுதியவர், இதில் அவர் பங்கு உண்டா என்று பத்திரிகைக்காரர் தங்கச்சியிடம் கேட்டிருக்கிறார். கேட்டதையும் அவள் பதிலையும் அப்படியே போட்டிருந்தார்கள். "அண்ணன் பிரிட்ஜ் ரிப்பேர் பண்றவர். அவருக்குச் சாப்பிடத்தான் தெரியும் என்று சிரிக்கிறார்" என்று இருந்தது.

நான் அதை வேனில் உட்கார்ந்து படித்தேன். வேலைக்குப் போக வேண்டிய இடம் எதிரிலேயே இருந்தது, இறங்கத் தோன்றவில்லை. சிரிக்கிறார் என்ற சொல்லைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

"அண்ணா, படிச்சியா?"

"படிச்சேன்."

"உன் மாப்பிள்ளைதான் சொன்னாரு, வீட்டுப் பொம்பளை கண்டுபிடிச்சதுன்னா எடுப்பா இருக்கும்னு. நானும் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். நீ ஒன்னும் மனசுல வெச்சுக்காதே."

"இதுல மனசுல வெச்சுக்க என்னம்மா இருக்கு?"

"அதானே. நம்ம வீட்டுக்குள்ளதானே."

எனக்கு வலித்தது, ஐயா. பத்திரிகைக்காரரிடம் அதை மாப்பிள்ளை சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்ன இருந்தாலும் வெளியிலிருந்து வந்தவர், வியாபாரம் செய்கிறவர். இவள் என் கைச்சோறு தின்றவள். அந்த வேனில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொன்னதைக் கேட்டவள். அது என்னுடையது என்பதற்கு உலகத்திலேயே இரண்டு சாட்சிதான், அதில் ஒன்று அவள். கறிவேப்பிலை மாதிரி என்னை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, நம்ம வீட்டுக்குள்ளதானே என்கிறாள். துரோகம் என்கிற சொல்லை நான் அதுவரை யாரைப் பற்றியும் சொன்னதில்லை. அன்று வீட்டுக்குப் போய்த் தனியாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

கோபத்தில் நான் எதுவும் செய்யவில்லை. இதை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். சண்டை போடவில்லை, போவதை நிறுத்தவில்லை. எனக்குத் தேவைப்பட்டது நியாயம் மட்டும்தான். யோசித்துப் பார்த்ததில் அதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது. மூணு குளிரை அவள்தான் கண்டுபிடித்தாள் என்றால், குளிர் தப்பினால் அவள் நாக்குக்குத் தெரிய வேண்டும். முதல் கடியிலேயே தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். உண்டாக்கியவருக்குத் தெரியாமல் போகாது. தெரியவில்லை என்றால் அவள் அதை உண்டாக்கவில்லை என்று அவளுக்கே புரிந்துவிடும். நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

அடுத்த வாரம் மாதாந்திர வேலைக்குப் போனபோது அதைச் செய்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டிகிரி காட்டுகிற திரைக்குப் பக்கத்தில் இருக்கிற பொத்தானை அழுத்திப் பிடித்தால் உள்ளே ஒரு அமைப்பு திறக்கும். உள்ளே குளிரை அளக்கிற உணரி காட்டுகிற டிகிரியில் இத்தனை குறைத்துக்கொள் என்று அதற்குச் சொல்லலாம். உணரி பழசாகிக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் சரிசெய்வதற்காக வைத்திருக்கிற வசதி அது. நான் எட்டு என்று வைத்தேன். அதன் பிறகு உள்ளே பதினொரு டிகிரி இருந்தால் திரையில் மூன்று என்று காட்டும். மோட்டாரும் அதை நம்பி நின்றுவிடும். கையை விட்டுப் பார்த்தால் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். மூன்றுக்கும் பதினொன்றுக்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும்.

அவள் காலையிலும் மாலையிலும் மூன்று, மூன்று என்று தாளில் எழுதினாள்.

வாரத்துக்கு ஒரு நாள், மூன்று மணிக்குச் சரியாகப் போய்விடுவேன். அவள் கடைசி முக்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தட்டை மடியருகே வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். வயிறு பெரிதாகப் பெரிதாக முக்காலியை மேடையிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டே போனாள். நான் எதிரில் நின்று பார்ப்பேன். முதல் துண்டை வாயில் வைக்கும்போதே, இதோ சொல்லப் போகிறாள், அண்ணா குளிர் சரியில்லையேன்னு சொல்லப் போகிறாள் என்று காத்திருப்பேன். சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே சரிசெய்திருப்பேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குண்ணா. நீ ஒன்னு எடுத்துக்கயேன்."

"வயிறு சரியில்லம்மா."

"உனக்கு எப்பப் பாத்தாலும் வயிறு சரியில்ல. யார்கிட்டயாவது காட்டு."

மாப்பிள்ளை கத்தியைத் துடைத்துக்கொண்டே, "மச்சானுக்கு இப்ப நம்ம கடை ரோல் எறங்க மாட்டேங்குது" என்று கேலி செய்தார். அவரும் எதையும் கண்டுகொள்ளவில்லை. பெட்டியைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகமும் வராது. நான் செய்த பெட்டி.

இப்படி ஒன்பது வாரம். ஒன்பது தடவை நல்லா இருக்குண்ணா என்றாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது, அவள் சொன்னது பொய் என்று உறுதியாகிக்கொண்டே வந்தது. இன்னொரு பக்கம் வருத்தம்தான். மூன்று வருடம் திங்கட்கிழமைதோறும் கூட்டிக்கொண்டு போய், கடைசியில் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லையே என்று இருந்தது.

நான் ஏன் ஒரு துண்டுகூடச் சாப்பிடவில்லை என்று கேட்கிறீர்கள். பதினொரு டிகிரியில் வாரக்கணக்கில் கிடந்த மீனை யாராவது சாப்பிடுவார்களா?

ஆமாம், எங்களுக்கு வகுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு நாள் முழுவதும் உட்கார வேண்டும், கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். குளிர் போதாவிட்டால் எந்தெந்தக் கிருமி வளரும் என்று பாடம் எடுப்பார்கள். புகைபோட்ட மீனில் வளர்கிற ஒன்று இருக்கிறது, அது கெட்ட வாடை அடிக்காது, நிறம் மாறாது. நம்மைப் போன்றவர்களுக்குக் காய்ச்சலும் வயிற்றுவலியுமாகப் போய்விடும். கர்ப்பிணிகளுக்கு என்று தனியாக ஒரு பக்கம் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறேன். ஆனால் டிராயரில் எண்ணை மாற்றுகிறபோது அது என் நினைவுக்கு வரவில்லை. பிறகு வந்தது. நான்காவது வாரம் என்று நினைக்கிறேன். அப்போது பாதியில் நிறுத்தினால் அதுவரை செய்தது எதற்கும் பிரயோஜனமில்லாமல் போய்விடும்.

பத்தாவது வாரம் நான் போனபோது முக்காலி காலியாக இருந்தது. முதல் நாள் காய்ச்சல் வந்திருக்கிறது, முதுகு வலி என்று படுத்திருக்கிறாள். மறுநாள் குழந்தை அசைவது நின்றுபோயிற்று. ஏழாவது மாதம். பெண் குழந்தை. மாப்பிள்ளை ஆஸ்பத்திரி நடையில் கீழே உட்கார்ந்திருந்தார், கடை ஏப்ரனைக் கழற்றாமலே வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அதில் நடிப்பு எதுவும் இல்லை.

நான்கு நாள் கழித்து அவளால் பேச முடிந்தது. கையில் ஊசி குத்தியிருந்தார்கள், முகம் சுண்டிப்போய் இருந்தது. நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மீன்லதான் ஏதோ இருந்திருக்கு என்று டாக்டர்கள் சொன்னதாகச் சொன்னாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா, எனக்கு முன்னாடியே ஒரு மாதிரி இருந்துச்சு."

"என்ன மாதிரி?"

"மீன்ல குளிர் பத்தாத மாதிரி. முள்ளங்கி கடிக்கும்போது அந்தச் சுளீர் இருக்குல்ல, அதுவும் எடுபடல. ரெண்டு மாசமாவே."

நான் போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டேன்.

"அப்பவே சொல்லியிருக்கணும். நீ போட்டுக்குடுத்த டிராயராச்சே, அது எப்படித் தப்பும்னு விட்டுட்டேன். வயித்துல புள்ள இருக்கும்போது வாய் ருசி மாறும்னு சொல்வாங்கல்ல. என் நாக்குதான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நல்லா இருக்குன்னுதானே ஒவ்வொரு தடவையும் சொன்னே?"

"நீ எதிர்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தியே. பத்திரிகைல அப்படி வந்ததுல உனக்கு வருத்தம்னு எனக்குத் தெரியும். அதுக்கு மேல உன் மிஷினையும் குத்தம் சொன்னா நல்லாவா இருக்கும்?"

ஆனாலும் அவள் சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் அபிப்பிராயம். இப்போதும் அதேதான். ஒரே ஒரு வார்த்தை. முதல் வாரமே சொல்லியிருந்தால் குழந்தை இருந்திருக்கும். ஒரு விஷயம் தெரிந்திருந்தும் சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. பத்திரிகைக்காரரிடம் செய்ததும் அதுதான்.

என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒரு தடவ அந்த டிராயரப் பாத்துடுண்ணா. நீ பாத்துச் சொன்னா எனக்குப் போதும்" என்றாள். பார்க்கிறேன் என்றேன். ஆனால் கடைக்கு அதற்குள் சீல் வைத்துவிட்டார்கள்.

இனி உங்கள் மேஜைமேல் இருக்கிற அந்த அறிக்கைக்கு வருகிறேன். சுகாதார ஆய்வாளர் தன் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டி மூன்று, டிராயர் பதினொன்று. திரையில் மட்டும் மூன்று. அது வரை சரியாகப் பார்த்திருக்கிறார். பிறகு எழுதியிருப்பதைப் படியுங்கள். கழித்துப் போட்ட பழைய பாகங்களில் செய்த, தரமற்ற சாதனம், வயதான உணரி, முறையான பராமரிப்பு இல்லை. அப்படிப்பட்ட சாதனத்தை வைத்துக் கடை நடத்தியதற்காக மாப்பிள்ளைமேல் வழக்கு. அவர் உள்ளே போனாலும் போவார் என்று சொன்னீர்கள். நீங்கள் என்னைக் கேட்டதும், இந்தப் பழைய இயந்திரம் எப்போது பழுதாயிற்று என்றுதான்.

கடையில் வேறு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தினமும் நூறு பேர் சாப்பிட்ட பெட்டியில் நான் கை வைக்கவில்லை. ஆய்வாளர் இதை யோசித்திருக்க வேண்டும். வயதான இயந்திரத்துக்கு வீட்டில் ஒரு ஆளை மட்டும் தேடிக் கண்டுபிடிக்கத் தெரியாது.

மாப்பிள்ளை பாவம் என்று நான் இதைச் சொல்ல வரவில்லை, ஐயா. அவர் வெளியே வருவார், அது நல்லதுதான். தங்கச்சிக்கு விஷயம் தெரிந்த பிறகு என் முகத்தில் விழிக்க மாட்டாள், அதுவும் தெரியும். ஆனால் அந்த அறிக்கையை மூன்று தடவை படித்தேன். அந்த டிராயருக்கு உணரி நான் புதிதாகப் போட்டது. ஒவ்வொரு இணைப்பும் என் கையால் பற்றவைத்தது. எட்டு டிகிரி தள்ளி நில் என்றேன், ஒன்பது வாரமும் இம்மி பிசகாமல் எட்டு டிகிரி தள்ளி நின்றது. தரமற்றது என்று எப்படி எழுதினார்?

அதனால் அந்த வரியை அடித்துவிடுங்கள். கோளாறு எதுவும் இல்லை. யோசித்ததும் செய்ததும் நான், எனக்கு யாரும் உதவவில்லை. கீழே கோடு போட்டு விட்டிருக்கிற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதுங்கள், ஐயா. இந்தத் தடவையும் வேறு யாருடைய பெயரையாவது போட்டுவிடாதீர்கள்.